கோடுகளின் இலக்கணம் எங்கே கிடைக்கும்?

பார்கோடுக்கு எழுதப்பட்ட முதல் இலக்கணம் ஒரு காப்புரிமைப் பத்திரம். ஜோசப் உட்லண்டும் பெர்னார்ட் சில்வரும் 1949இல் விண்ணப்பித்து 1952 அக்டோபரில் பெற்றது. கோடுகளை வட்டத்துக்குள் வட்டமாகவும் வரையலாம் என்று அதில் படம் போட்டிருந்தார்கள். அன்று அதைப் படிக்கக் காகித நகலைத் தேடிப் போக வேண்டும். இன்று கைபேசியில் 2612994 என்ற காப்புரிமை எண்ணைத் தட்டினால் படங்களோடு திறக்கிறது.

1974 ஜூன் 26 அன்று ஒஹாயோவின் டிராய் நகரில் ஒரு கடையில் சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடு ஸ்கேன் ஆனது. கடைகளுக்குப் பொதுவான ஒரே குறியீட்டு முறை வந்துவிட்டது. தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் அப்படியில்லை. நிறுவனத்துக்கு ஒரு முறை. இன்டர்மெக் 'கோட் 39'ஐக் கொண்டுவந்தது; 1981இல் கம்ப்யூட்டர் ஐடென்டிக்ஸ் 'கோட் 128'ஐ. லேபிள் அச்சிட மென்பொருள் எழுதியவர்கள் பிரிண்டர் கையேட்டின் பின்னிணைப்பையும், ஏஐஎம் என்ற தொழில் சங்கம் அச்சிட்ட விவரக்குறிப்புகளையும் நம்பியிருந்தார்கள். அட்டவணையைப் பார்த்துப் பார்த்து நிரலில் ஏற்ற வேண்டும். ஓர் எழுத்தின் கோடு பிசகினால் ஸ்கேனர் வாய் திறக்காது.

பட்டைகளை உற்றுப் பார்த்தே விதியைக் கண்டுபிடித்துவிடலாமே என்றால், எளிதில் முடியாது. பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் 13 இலக்க எண்ணில் முதல் இலக்கத்துக்கென்று பட்டையே கிடையாது! அடுத்த ஆறு இலக்கங்களை எழுத இரண்டு வகைப் பட்டைகள் உண்டு. எந்த இடத்தில் எந்த வகை என்ற வரிசைதான் முதல் இலக்கத்தைச் சொல்கிறது. இந்தியாவில் பதிவான எண்கள் 890 என்று தொடங்கும்; அந்த 8 இப்படித்தான் ஒளிந்திருக்கிறது. விவரக்குறிப்பைப் படித்தவருக்கு இது ஒரு பத்தி. படிக்காதவருக்கு முழுப் புதிர்.

இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது. கடைப் பொருள்களுக்கான எண்முறையைப் பராமரிக்கும் ஜிஎஸ்1 தன் பொது விவரக்குறிப்பு நூலை இலவசமாகவே தருகிறது. இசட்சிங், சிண்ட் போன்ற திறமூல நிரல்களில் விதிகளை வரி வரியாகப் படிக்கலாம்.

ஆனால் மூல ஆவணங்கள் பலவற்றுக்கு இன்னும் காசு கொடுக்க வேண்டும். க்யூஆர் கோடை 1994இல் உருவாக்கிய டென்சோ நிறுவனம், தரத்துக்கு உட்பட்டுப் பயன்படுத்துகிறவர்கள்மீது காப்புரிமையைச் செலுத்துவதில்லை என்று அறிவித்தது. பெருந்தன்மையான முடிவு அது. அந்தத் தரத்தை விவரிக்கும் ஐஎஸ்ஓ 18004 ஆவணமோ விலைக்குத்தான். தெருவோரக் கடைவரை வந்துவிட்ட ஒன்றின் விதிகளை ஒரு மாணவர் பணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்பது நியாயமே இல்லை. நிரலைப் படிப்பது நல்ல வழிதான். ஆனாலும் இரண்டு நிரல்கள் முரண்பட்டால் தீர்ப்புச் சொல்ல வேண்டியது மூல ஆவணம்.

இன்னொரு மாற்றம் எனக்குக் கவலை தருகிறது. இப்போது ஒரு வரி நிரல் எழுதினால் பார்கோடு வந்துவிடுகிறது; யாரும் விதியைத் தேடுவதில்லை. 13 இலக்கப் பார்கோடுக்கு, மெல்லிய கோட்டின் அகலத்தைப்போல் இடப்புறம் 11 மடங்கும் வலப்புறம் 7 மடங்கும் வெற்றிடம் வேண்டும். அட்டைப்பெட்டி வடிவமைப்பவர் அங்கே பூ வரைந்துவிடுகிறார். பில் போடும் பெண் பொருளைத் திருப்பித் திருப்பிக் காட்டி, கடைசியில் பதின்மூன்று இலக்கங்களையும் கையால் தட்டுகிறார். அந்த அளவுகள் ஜிஎஸ்1 நூலில் இருக்கின்றன. பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.