நகம் அளவு கடல் குதிரை, நடுவில் ஒரு குச்சி: மக் டைவிங் போட்டோக்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

இன்ஸ்டாகிராமில் அந்தப் போட்டோவை நீங்களும் பார்த்திருக்கலாம். இளஞ்சிவப்புக் கடல் விசிறி ஒன்று. அதே நிறத்தில், அதே முண்டும் முடிச்சுமாக அதில் தொற்றிக்கொண்டிருக்கும் ஒரு கடல் குதிரை. ஸ்கிரீனில் பார்த்தால் உள்ளங்கை அளவு இருக்கும்னு தோணும். நிஜத்தில் மூக்கு நுனி முதல் வால் நுனி வரை இரண்டரை சென்டிமீட்டர்கூடக் கிடையாது.

பிக்மி கடல் குதிரை எனப்படும் இந்தக் குட்டி உயிரினம் மனிதர்களிடம் சிக்கியதே தற்செயலாகத்தான். 1969-ல் பசிபிக் பெருங்கடலில் உள்ள நியூ கலிடோனியாவில், நூமியா நகர மீன் காட்சியகத்துக்காக ஜார்ஜ் பார்ஜிபான் என்பவர் கடல் விசிறி ஒன்றைச் சேகரித்தார். வெளியே கொண்டுவந்து ஆராய்ந்தபோதுதான், அதில் கடல் குதிரைகள் ஒட்டியிருப்பது தெரிந்தது. அவர் பெயரே அந்த இனத்துக்கும் வைக்கப்பட்டது: ஹிப்போகாம்பஸ் பார்ஜிபான்டி.

கடல் விசிறியையே கையில் எடுத்தவருக்குத் தெரியாதது, ஒரு வாரம் லீவு போட்டு டூர் போகிறவருக்கு எப்படித் தெரிகிறது? பதில் சிம்பிள். அவர் கண்டுபிடிப்பதில்லை. கூட வரும் டைவ் கைடு கண்டுபிடித்துக் கொடுக்கிறார்.

சேற்றுக்குள் என்ன இருக்கு?

இதற்கு 'மக் டைவிங்' என்று பெயர். மக் என்றால் சேறு. பவளப்பாறை அழகையெல்லாம் விட்டுவிட்டு, வெறும் மணலும் சேறுமாக இருக்கும் கடலடியில் விநோத உயிரினங்களைத் தேடிப் போவது. இதன் தலைநகரம் என்றால் இந்தோனேசியாவின் வடக்கு சுலாவேசியில், பிட்டுங் துறைமுகத்தை ஒட்டியிருக்கும் லெம்பே நீரிணை. எரிமலை தந்த கறுப்பு மணல். நடுநடுவே பாட்டில், டயர், கயிறு. முதல்முறை இறங்குகிறவருக்கு 'இதுக்கா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்' என்றுதான் இருக்கும்.

அந்த மணலில்தான் உடம்பெல்லாம் முடி முளைத்ததுபோல ஃபிராக்ஃபிஷ் உட்கார்ந்திருக்கும். வேறு பிராணிகளைப் போல வேஷம் போடும் மிமிக் ஆக்டோபஸ், ஆளைக் கொல்லும் விஷமுள்ள நீல வளைய ஆக்டோபஸ், கலர் கலராக ஓடில்லாத கடல் நத்தைகள் எல்லாம் இங்கே உண்டு. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மக் டைவிங் தொழிலின் மதிப்பு ஆண்டுக்கு 15 கோடி டாலருக்கும் மேல் என்று 2017-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. விரல் நீளம்கூட இல்லாத பிராணிகள் கொண்டுவரும் வருமானம் இது.

20 நிமிஷம், நாலு கேமரா

இந்த டைவ்களில் ஒரு கைடுக்கு இரண்டு முதல் நான்கு பேர்தான். எந்த விசிறியில் எந்தக் கிளையில் கடல் குதிரை இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. பார்ஜிபான்டி வளர்ந்தபின் பெரும்பாலும் ஒரே விசிறியிலேயே வாழ்ந்து முடித்துவிடும் என்பதால், வீட்டு அட்ரஸ் தெரிந்த மாதிரிதான்.

சிக்கல் நேரம். இந்த விசிறிகள் பல 20, 30 மீட்டர் ஆழத்தில் இருக்கும். 30 மீட்டரில் பொழுதுபோக்கு டைவர் சுமார் 20 நிமிஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் அதிகம் சேர்ந்து, மேலே வரும்போது ஆபத்து. நாலு பேர், நாலு கேமரா, 20 நிமிஷம். ஆளுக்கு ஐந்து நிமிஷம்கூட முழுசாகக் கிடைக்காது.

போட்டோவும் லேசில் வராது. தண்ணீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடும் என்பதால் ஃபிளாஷ் கட்டாயம். தண்ணீரில் மிதக்கும் தூசி அந்த வெளிச்சத்தில் பனி பெய்தது மாதிரி வெள்ளைப் புள்ளியாக விழும் என்பதால் மிக நெருங்கிப் போக வேண்டும். ஒருத்தர் துடுப்பை அழுத்தி உதைத்து மணலைக் கிளப்பிவிட்டால், பின்னால் வருகிறவருக்குப் படமே கிடையாது. இத்தனைக்கும் நடுவில் கடல் குதிரை முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும்.

இங்கேதான் குச்சி வருகிறது. கைடு கையில் சின்ன உலோகக் குச்சி ஒன்று இருக்கும். பிராணியைச் சுட்டிக்காட்டவும், மணலில் லேசாக ஊன்றி நிலையாக நிற்கவும்தான் அது. ஆனால் திரும்பிய கடல் குதிரையை மெதுவாக நெம்பி கேமரா பக்கம் திருப்பவும் அதே குச்சி போதும். கஸ்டமர் சந்தோஷப்பட்டால் டிப்ஸ் கிடைக்கும், நல்ல ரிவ்யூ வரும். கைடை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீருக்கடியில் கையை ஆட்டி 'திருப்பு, திருப்பு' என்று சைகை காட்டுவது பல நேரம் கேமரா வைத்திருப்பவர்தான்.

அப்போ ஃபிளாஷ் பரவாயில்லையா?

ஃபிளாஷ் பட்டால் கடல் குதிரைக்குக் கண் போய்விடும் என்று டைவர்கள் மத்தியில் ரொம்ப நாளாக ஒரு நம்பிக்கை. மீனுக்கு இமை கிடையாதே, கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். பிரிட்டனில் 2008 முதல் கடல் குதிரைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கே ஃபிளாஷ் போடுவது தொந்தரவு செய்வதாகவே பார்க்கப்படுகிறது.

ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மார்டன் டி பிராவர் குழு இதைச் சோதித்துப் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டது. ஃபிளாஷால் வரும் பாதிப்பு, மனிதர் ஒருவர் பக்கத்தில் இருப்பதால் வருவதைவிட அதிகமில்லை. சோதித்த கடல் குதிரைகளின் கண்ணிலும் சேதம் தெரியவில்லை. மீன்களை அதிகம் கலங்கவைத்தது தொடுவதும் நகர்த்துவதும்தான். ஆக, இத்தனை வருஷமாக எல்லாரும் வெளிச்சத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, குச்சி தப்பித்துக்கொண்டிருந்தது.

லைக் அள்ளும் சில படங்களை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். நீல வளைய ஆக்டோபஸின் வளையங்கள் பளிச்சென்று மின்னுவது, அது மிரண்டுபோய் எச்சரிக்கும்போது. ஃபிராக்ஃபிஷ் வாயை அகலத் திறந்து 'கொட்டாவி' விடுவது பல நேரம் 'கிட்ட வராதே' என்ற மிரட்டல். பந்து மாதிரி உப்பிய பேத்தை மீன், உயிர் பயத்தில் தண்ணீரைக் குடித்து உப்பியிருக்கிறது.

மாற்றமும் நடக்கிறது. பிக்மி கடல் குதிரைக்கு ஆளுக்கு இத்தனை கிளிக்தான் என்று கணக்கு வைக்கும் ரிசார்ட்டுகள் உண்டு. புக் செய்யும்போதே கேட்டுவிடலாம். படகிலேயே கைடிடம், 'திரும்பிக்கிட்டா விட்டுடுங்க, நகர்த்த வேண்டாம்' என்று சொல்வது இன்னும் நல்லது. டிப்ஸ் போகாது என்று தெரிந்தால் அவருக்கும் நிம்மதி.

அறிவியலுக்கும் இந்த கைடுகள் தேவை. 2008-ல் விவரிக்கப்பட்ட இரண்டு பிக்மி இனங்களான ஹிப்போகாம்பஸ் பொன்டோஹி, ஹிப்போகாம்பஸ் சடோமியே இரண்டுமே, அவற்றைக் காட்டிக்கொடுத்த டைவ் கைடுகள் ஹென்ஸ் பொன்டோ, சடோமி ஒனிஷி ஆகியோரின் பெயரைத் தாங்கியவை. 2020-ல் தென்னாப்பிரிக்காவின் சோட்வானா விரிகுடாவிலிருந்து ஹிப்போகாம்பஸ் நாலு என்ற இனம் சேர்ந்தது. அதையும் முதலில் கண்டது சவன்னா நாலு ஒலிவியர் என்ற டைவ் பயிற்சியாளர்தான். அதுவரை பிக்மி கடல் குதிரைகள் எல்லாம் பசிபிக் பக்கத்துச் சங்கதி என்றே இருந்தது. இது கிடைத்தது இந்தியப் பெருங்கடலில்.