சேமக்கலம் வற்றுவது ஏன்?

சிற்றூர் ஒன்றில் மருத்துவர் ஒருவர் வாழ்கின்றார் என்று கொள்வோம். அவரிடம் கார் ஒன்று உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை அவர் அதில் சுற்றுப்புறத்து ஊர்களுக்குச் சென்று நோயாளிகளைக் கண்டு வருவார். சனி, ஞாயிறு ஆகிய இரு நாளும் கார் கொட்டகையில் நிற்கும். ஒரு திங்கட்கிழமை வைகறையில், அயலூரில் மூச்சுத் திணறும் குழந்தை ஒன்றைப் பார்க்க வருமாறு அவருக்கு அழைப்பு வருகின்றது. அவர் மருந்துப் பையுடன் விரைந்து சென்று காரில் ஏறிச் சாவியைத் திருப்புகின்றார். ‘டக், டக்’ என்னும் மெல்லொலி மட்டுமே எழுகின்றது, எந்திரம் சுழலவில்லை. பின்னர், அண்டை வீட்டாரின் வண்டியை வேண்டிப் பெற்று, அரைமணி நேரம் தாழ்த்துப் புறப்படுகின்றார்.

அன்றே அவர் பழைய பாட்டரியைக் களைந்துவிட்டுப் புதியது ஒன்றை வாங்கிப் பொருத்துகின்றார். வாரம் முழுவதும் கார் செவ்வனே ஓடுகின்றது. ஆயினும், அடுத்த திங்கட்கிழமை காலையில் மீண்டும் அதே ‘டக், டக்’ ஒலி! நோயாளியைச் சோதியாமல் ஒருநாளும் மருந்து எழுதாத அவர், தம் காருக்கு மட்டும் நோய் இன்னதென அறியாமலே மருந்து கொடுத்துவிட்டார். அந்நோயை அறியும் வழி யாது என்பதைக் காண்போம்.

காரில் உள்ள பாட்டரியைத் தமிழில் சேமக்கலம் என்பர். இதனை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளான்டே என்பவர் கண்டுபிடித்தார். 1912-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் காடிலாக் கார்களில் மின்சாரத்தால் எந்திரத்தைக் கிளப்பும் முறை புகுந்தது. அதற்குமுன், வண்டியின் முன்புறத்தே இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால் சுழற்றியே எந்திரத்தைக் கிளப்புவர். அக்கைப்பிடி எதிர்த்து அடித்துக் கை முறிந்தவர் பலர். அத்துன்பத்தை நீக்கிய பெருமை சேமக்கலத்தையே சாரும்.

இக்காலத்துக் கார்களிற் பெரும்பாலானவற்றில் 12 வோல்ட்டு சேமக்கலம் உள்ளது. அதனுள் ஆறு சிற்றறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மிகுதியான மின்னழுத்தம் தரும். அறைதோறும் ஈயத் தகடுகளும், ஈய டையாக்சைடு பூசிய தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கி நிற்கின்றன. மின்சாரத்தை எடுக்கும்பொழுது இருவகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட்டு படிகின்றது. அமிலம் நீர்த்துப் போகின்றது. மின்சாரத்தை உட்செலுத்தினால் படிந்த சல்பேட்டு கரைந்து, அமிலம் மீண்டும் செறிவடைகின்றது. ஆகவே, சேமக்கலம் மின்சாரத்தைத் தானே படைப்பதன்று. பெற்றதைக் காத்துத் திருப்பித் தருவது.

இவ்வகையில் அதனை நம் ஊர் ஏரிக்கு ஒப்பிடலாம். கோடைக்கு முன்னரே ஏரி வற்றிவிடுமாயின், அதற்குக் காரணம் மூன்றனுள் ஒன்றாதல் வேண்டும். ஏரி தூர்ந்து, நீரைக் கொள்ளும் இடம் குறைந்திருக்கலாம். வரத்துக் கால்வாய் அடைபட்டு நீர் வாராதிருக்கலாம். அல்லது மதகு சரியாக மூடாமல் நீர் கசிந்து போகலாம். சேமக்கலத்திற்கும் இம்மூன்றே காரணங்கள். அது மின்சாரத்தைத் தாங்கும் வலிமை இழந்திருக்கலாம். மின்னாக்கி அதற்கு மின்சாரம் ஊட்டாதிருக்கலாம். வண்டி நிற்கும்பொழுது மின்சாரம் எவ்வழியிலேனும் ஒழுகிப் போகலாம். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தல் வேண்டும்.

சோதனைக்கு முன், சேமக்கலத்தின் முனைகளைக் கண்ணால் காண்க. அவற்றின்மேல் வெண்மையாகவோ பசுமையாகவோ மாவு போன்ற பொருள் படிந்திருந்தாலும், கம்பியின் பிடி தளர்ந்திருந்தாலும், மின்சாரம் உட்செல்லவும் வெளிவரவும் தடைப்படும். அவற்றைத் துடைத்து இறுக்கிய அளவிலேயே குறை நீங்குவதும் உண்டு.

முதலில் சேமக்கலத்தையே சோதிப்போம். மின்சாரத்தை நிறைய ஊட்டிச் சில மணி நேரம் வாளா விட்டபின், வோல்ட்டுமானியை இரு முனைகளிலும் வைத்தால், அது 12.6 வோல்ட்டு அளவில் காட்டுதல் வேண்டும். 12.2 வோல்ட்டு எனின் ஏறத்தாழப் பாதியே உள்ளது; 12-க்குக் கீழ் எனின் வற்றியது என்றே கொள்ளலாம். மூடி திறக்கக்கூடிய சேமக்கலமாயின், திரவமானியால் அமிலத்தின் ஒப்படர்த்தியையும் அளக்கலாம். ஐந்து அறைகளில் 1.26 என்றும், ஓர் அறையில் மட்டும் 1.15 என்றும் காணின், அவ்வோர் அறை பழுதடைந்தது என்பது தெளிவு. முதுமையாலும், நெடுநாள் வற்றிக் கிடத்தலாலும் ஈய சல்பேட்டு இறுகிப் பளிங்காகிவிடும். பின்னர் எவ்வளவு மின்சாரம் ஊட்டினும் அது கரையாது. தூர்ந்த ஏரியின் நிலை இதுவே. அத்தகைய சேமக்கலத்தை மாற்றுவதே முறை.

அடுத்து, வரத்துக் கால்வாயைப் பார்ப்போம். எந்திரம் ஓடும்பொழுது அதன் சுழற்சியை ஒரு வார் மின்னாக்கிக்குக் கொண்டு செல்கின்றது. மின்னாக்கி சேமக்கலத்திற்கு மின்சாரம் ஊட்டுகின்றது. எந்திரத்தை ஓடவிட்டு வோல்ட்டுமானியைப் பார்த்தால், பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட்டு வரை காணப்படும். புதிய கார்கள் சிலவற்றில் கணிப்பொறி இவ்வளவைக் கூட்டியும் குறைத்தும் அமைக்கும். எந்திரம் ஓடியும் அளவு உயராமல் 12.5 அளவிலேயே நின்றாலும், மெல்ல மெல்லக் குறைந்தாலும், மின்னாக்கி ஊட்டவில்லை என்பது பொருள். வார் தளர்ந்திருக்கலாம், கரித்தூரிகை தேய்ந்திருக்கலாம், அழுத்தச் சீராக்கி பழுதுற்றிருக்கலாம். 15 வோல்ட்டுக்கு மேற்படின் அதுவும் தீதே. மிகையாக ஊட்டப்பெற்ற சேமக்கலத்தில் நீர் வாயுவாகப் பிரிந்து குறைந்துபோகும்.

மூன்றாவது, மதகின் கசிவு. இதுவே கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. எல்லா விசைகளையும் மூடிய பின்னும், கடிகாரம், திருட்டை அறிவிக்கும் கருவி முதலியவற்றிற்காகச் சிறிது மின்சாரம் செலவாகும். அது 0.05 ஆம்பியருக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். அதனை அளக்க, எதிர்முனையின் கம்பியைக் கழற்றி, அக்கம்பிக்கும் முனைக்கும் இடையே ஆம்பியர்மானியை இணைத்தல் வேண்டும். புதிய கார்களில் உட்கருவிகள் அனைத்தும் அடங்கச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். அளவு மிகுதியாக இருப்பின், ஃப்யூஸ் என வழங்கும் மின்னுருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வருக. எதனைக் கழற்றியதும் அளவு சட்டெனக் குறைகின்றதோ, அதன் வழியிலேயே கசிவு உள்ளது. மின்னாக்கியில் உள்ள டையோடு பழுதுற்று, ஊட்டும் கருவியே இரவில் மின்சாரத்தை உறிஞ்சுவதும் உண்டு.

இச்சோதனைகளில் எச்சரிக்கை மிக வேண்டும். மின்சாரம் ஊட்டப்பெறும் சேமக்கலத்திலிருந்து நீரகவாயு வெளிப்படும். சிறு பொறியும் அதனை வெடிக்கச் செய்யும். அமிலம் கண்ணையும் தோலையும் எரித்துவிடும். ஆம்பியர்மானி இணைப்பில் இருக்கும்பொழுது எந்திரத்தைக் கிளப்புதல் ஆகாது. ஆதலால், தேர்ந்தவர் உடனிருக்கவே இவற்றைச் செய்தல் வேண்டும்.

நம் மருத்துவரும் பணிமனைக்காரர் ஒருவரின் துணையுடன் இவ்வாறே சோதிக்கின்றார். புதிய சேமக்கலத்தில் குறை இல்லை. மின்னாக்கி 14.2 வோல்ட்டு தருகின்றது. ஆனால், ஆம்பியர்மானி 0.53 எனக் காட்டுகின்றது. நான்காம் மின்னுருகியைக் கழற்றியதும் அது 0.03 ஆகக் குறைகின்றது. அவ்வழியே செல்லும் கம்பி, காரின் பின்புறத்தே மூட்டை முடிச்சுகளை வைக்கும் டிக்கிக்குச் செல்கின்றது. அங்குள்ள 6 வாட்டு விளக்கின் விசை தேய்ந்துபோனமையால், மூடியை மூடிய பின்னும் விளக்கு அணையாமல், காண்பார் யாருமின்றி எரிந்துகொண்டே இருந்திருக்கின்றது!

இத்துணைச் சிறு விளக்கு அவ்வளவு பெரிய சேமக்கலத்தை வற்றச் செய்யுமோ என்று ஐயுறலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். எந்திரத்தைக் கிளப்புகையில் 150 ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படினும், அது மூன்று நொடியே நிகழ்வதால், செலவாவது 1/8 ஆம்பியர்-மணி மட்டுமே. விளக்கு கொள்வதோ அரை ஆம்பியர்தான். ஆயினும், வெள்ளி மாலை 6 மணி முதல் திங்கள் காலை 6 மணி வரை 60 மணி நேரம் எரிவதால், அது 30 ஆம்பியர்-மணியைத் தின்றுவிடுகின்றது. அஃதாவது, எந்திரத்தை 240 முறை கிளப்பும் செலவு அது. சேமக்கலத்தின் கொள்ளளவு 40 ஆம்பியர்-மணியே எனின், எஞ்சுவது யாது? மற்ற நாள்களில் இரவில் இழந்ததைப் பகலோட்டத்தில் மின்னாக்கி ஈடுசெய்துவிடும். ஆகவே குறை திங்கட்கிழமைதோறும் மட்டுமே வெளிப்பட்டது.

மாற்றவேண்டுவது கட்டைவிரல் அளவான ஒரு விசையே. மருத்துவர் அன்று களைந்த பழைய சேமக்கலம் ஒருவேளை குற்றமற்றதாகவே இருந்திருக்கலாம். அதனைச் சோதியாமலே பழியை அதன்மேல் சுமத்திவிட்டார். நின்றுபோன பொருளையே குற்றவாளி எனக் கொள்வது மனித இயல்பு. ஐயத்திற்கு இடமான ஒவ்வொன்றையும் அளந்து, குற்றமற்றதை விலக்கி, எஞ்சியதைப் பற்றுவது அறிவியல் முறை. அம்முறையைக் கைக்கொள்பவர் பொருளையும் காப்பர். வைகறையில் மூச்சுத் திணறும் குழந்தையிடம் உரிய நேரத்தில் சென்றும் சேர்வர்.