பழைய லேப்டாப்பில் புது கிராபிக்ஸ் கார்டு போடலாமா?

பழைய கேமிங் லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. பெரும்பாலும் முடியாது. கிராபிக்ஸ் சிப்பை மதர்போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். தனியே கழட்ட அங்கே ஒன்றும் கிடையாது.

விதிவிலக்கு எம்.எக்ஸ்.எம். 2004-ல் என்விடியா கொண்டுவந்த இந்த முறையில் கார்டு தனிப் பலகையாக ஸ்லாட்டில் சொருகி, ஸ்க்ரூ போட்டு நிற்கும். ஏலியன்வேர் எம்17எக்ஸ், எம்எஸ்ஐ ஜிடி70 போன்ற பழைய மாடல்களில் பார்க்கலாம். ஸ்லாட் இருந்தா மட்டும் போதுமா? எம்.எக்ஸ்.எம். 3-ல் 'ஏ' வகை 82 × 70 மி.மீ., 'பி' வகை 82 × 105 மி.மீ. சின்ன இடத்தில் பெரிய பலகை உட்காராது. ஹீட்சிங்க் துளைகள் பொருந்தணும், அடாப்டர் கூடுதல் வாட்ஸைத் தாங்கணும். எல்லாத்துக்கும் மேல பயாஸ் அந்தக் கார்டை ஏத்துக்கணும். கழுத்தறுப்பது இந்த பயாஸ்தான்! எல்லாம் சரியாக மாட்டியிருந்தும் திரை இருட்டாகவே கிடக்கும். கொடுத்த காசு போச்சு.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவிடம் ஆயிரக்கணக்கில் கேட்க வாய் வராது. அதனால் கார்டு வாங்கும் முன்னே லேப்டாப்பை அணைத்து, பேட்டரியைக் கழட்டி, பின்மூடியைத் திறந்து பாருங்கள். சால்டர் சிப் என்றால் ஃபேன் தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாத்துங்கள். சூட்டினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்ட சிப், பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். செலவு சில நூறு ரூபாய்தான்.