தங்கவயலில் புதைந்திருக்கும் இயற்பியல் பாடம்

புதுதில்லி: கோலார் தங்கவயல் பற்றி நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தால், 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட சுரங்கங்கள் மீண்டும் திறக்கப்படுமா என்ற கேள்வியே வழக்கமாக முன்நிற்கும். அங்கு தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் பள்ளியில் என்ன கற்கிறார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 180 இயற்பியலுக்கு உரியவை. ஆனால், மருத்துவராக விரும்பும் மாணவருக்குக் கப்பியும் சாய்தளமுமாகவே அப்பாடம் அறிமுகமாகிறது. உயிரியலை முன்வைத்து இயற்பியலைக் கற்பிக்கும் முறையை அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகம் உயிரியல் மாணவர்களுக்கும் மருத்துவப் படிப்புக்குத் தயாராகும் மாணவர்களுக்கும் உருவாக்கியுள்ளது.

அம்முறைக்குத் தங்கவயலைவிடப் பொருத்தமான களம் அரிது. சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலை அரித்த சிலிகோசிஸ் நோயையே எடுத்துக்கொள்ளலாம். பாறையைத் துளையிடும்போது எழும் சிலிகா துகள் ஒரு மைக்ரான் அளவுடையதாக இருந்தால், அசைவற்ற காற்றில் ஓர் ஆள் உயரம் கீழிறங்க ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். அதன் எடை மிகக் குறைவு; காற்றின் பாகுநிலைத் தடையோ ஒப்பளவில் அதிகம். ஒரு ஷிப்ட் நேரத்தின் பெரும்பகுதி தொழிலாளர் அத்தூசியைச் சுவாசிக்க நேர்வது இதனால்தான். துளையிடும் இடத்தில் நீர் பாய்ச்சுவதன் அவசியமும் இங்கேயே விளங்கும். நோயுற்ற நுரையீரல் எக்ஸ்ரே படத்தில் வெண்புள்ளிகளாகத் தெரிவது, கதிர்கள் திசுவில் உட்கவரப்படுவதைக் கற்பிக்கும்.

3 கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையின் வெப்பம் உடல் வெப்பத்தைவிட மிக அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அதுவும் தடைபடும். குளிரூட்டிய காற்றைக் கீழே அனுப்பியதன் காரணத்தை, உள்ளுறை வெப்பம் பற்றிய பாடம் கூறிவிடும்.

இதே சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா சிட்டி, பிரிட்டனின் டர்ஹம் பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டனர். துகள் பட்டதும் ஒளிரும் சிண்டில்லேட்டர்களை அவர்கள் பயன்படுத்தினர். புற்றுநோயைக் கண்டறியும் பெட் ஸ்கேன் கருவி இயங்குவதும் அதே தத்துவத்தில்தான்.

அனுபவம் வழியாகக் கற்பதை 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வலியுறுத்துகிறது. அதற்கான எடுத்துக்காட்டைப் பாடநூல் குழுக்கள் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்டாலும், நாட்டின் கல்குவாரிகளில் தூசி அடங்கவில்லை. அது ஏன் அடங்குவதில்லை என்பதை வகுப்பறையில் உணரும் மாணவர், நாளை மருத்துவரானாலும் ஆகாவிட்டாலும், தொழிலாளர் பாதுகாப்பு பற்றி உரியவர்களிடம் கேள்வி கேட்கத் தகுதி பெறுவார்.