இயந்திரமும் தாளமும்

இயந்திரத்துக்குத் தாளம் தெரியுமா என்று சென்ற மாதம் எவரேனும் என்னை வினவியிருப்பின், தெரியாது என ஒரே சொல்லில் விடையிறுத்திருப்பேன். இன்று அவ்வளவு எளிதில் விடையளிக்க இயலவில்லை. காரணம், காலஞ்சென்ற என் தமையனாரின் மகன்.

அவன் ஒரு டி.ஜே. ஒரு பாட்டு முடியுமுன்னரே மற்றொன்றை அதனோடு இணைத்து, ஆடுவோரின் கால் தடுமாறாதவாறு இரவு முழுவதும் இசையை ஓடவிடுவது அவன் தொழில். இதில் என்ன வித்தை இருக்கிறது என்று கேட்டேன். அவன் ஒரு கணக்கைக் காட்டினான்.

ஒரு பாட்டு நிமிடத்துக்கு 120 அடி, மற்றது 120.1 அடி. வேறுபாடு அற்பமென்றே தோன்றும். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால், முதல் நிமிட முடிவில் ஒரு விநாடியின் இருபதிலொரு பங்கு விலகல் உண்டாகும். ஐந்தாம் நிமிடத்தில் அது அரை அடியாகி, ஒன்றின் அடி மற்றதன் இரண்டு அடிகளுக்கு நட்டநடுவே விழும். இதனைத் திருத்த, வேகத்தை நூற்றுக்கு 0.1இலும் குறைவாக மாற்றினால் போதும். அந்த நுண்மையிலேதான் வித்தை இருக்கிறது.

இக்கலை கணினியோடு பிறந்ததன்று. 1960களின் இறுதியில் நியூயோர்க் நகரில் பிரான்சிஸ் கிராசோ என்பவர் இரண்டு இசைத்தட்டுகளின் அடிகளைச் செவியாலேயே பொருத்தினார். 1979இல் வெளிவந்த ரெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 எம்.கே.2 கருவியில், வேகத்தை நூற்றுக்கு 8 வரை கூட்டவும் குறைக்கவும் நகர்த்துபிடி ஒன்று அமைந்தது. தட்டு விரைந்து சுழன்றால் சுருதியும் ஏறும். நூற்றுக்கு 6 கூட்டினால் ஏறக்குறைய அரைச்சுரம் உயர்ந்துவிடும். இன்றோ கணினி சுருதியை மாற்றாமலே வேகத்தை மாற்றுகிறது. 'சிங்க்' என்னும் பொத்தானை அழுத்தினால் பொருத்துதலும் தானாகவே நிகழ்கிறது.

"அப்படியாயின் உன் செவிக்கு என்ன வேலை?" என்றேன்.

அவன் மறுமொழி கூறவில்லை. பழைய ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு மாற்றிய பாட்டொன்றை ஒலிக்கவிட்டான். கலியாண வீடுகளில் வாசித்த இசைக்குழுவொன்றில் அவன் தந்தையார் டிரம் அடித்த பாட்டு அது. கணினி ஒரே வேகத்தைக் கணித்துத் திரையில் சமதூரக் கோடுகளை வரைந்தது. முதல் நிமிடம் அடிகள் கோடுகளோடு ஒத்தன. பல்லவி திரும்பியதும் அண்ணர் சற்றே முந்தினார். உற்சாகம் வந்தால் முந்துவது அவர் வழக்கம்.

அந்த அடிகளையெல்லாம் கோட்டுக்கு இழுத்து நேராக்கவும் கணினிக்குத் தெரியும். அவ்வாறே செய்தான்.

"இப்ப கேட்டுப் பாருங்கோ, சித்தப்பா."

கேட்டேன். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அடித்தவர் அண்ணர் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அவன் அந்தத் திருத்தத்தை நீக்கினான். ஹெட்போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு, புதிய பாட்டொன்றைப் பழையதோடு சேர்த்து ஓடவிட்டான். தந்தையார் முந்தியபோது நகர்த்துபிடியை மயிரளவு தள்ளினான். அவர் தளர்ந்தபோது மெல்ல இழுத்தான். புதிய பாட்டு பழைய பாட்டின் நடைக்கு இணங்கிக் கடைசிவரை உடன் சென்றது. திரையை அவன் ஒருமுறையேனும் நோக்கவில்லை.

இயந்திரத்துக்குத் தாளம் தெரியும் என்றே இனிச் சொல்வேன். எந்த இடத்தில் அதைத் திருத்தலாம், எந்த இடத்தில் அதற்கு இணங்க வேண்டும் என்று அறிவதற்கு மட்டும் இன்னமும் ஒரு செவி வேண்டியிருக்கிறது.