மண் மட்டுமா காரணம்?

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஆங்கிலேயர் அமைத்த பதின்மூன்று குடியேற்றங்களை வடக்கு, நடு, தெற்கு என மூன்றாகப் பிரித்து, நிலத்தின் தன்மைக்கேற்ப வாழ்க்கை அமைந்தது என்று எழுதித் தேர்வில் மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். அது பொய்யன்று. ஆயினும், நிலம் செய்தது எவ்வளவு, மனிதர் செய்தது எவ்வளவு என்பது அந்த ஒரு வாக்கியத்தில் மறைந்துவிடுகிறது. பொருளாதாரத்தைத் துணைப்பாடமாகப் பயிலும் வரலாற்று மாணவன் என்ற முறையில் அதைச் சற்றுப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

நிலத்திலிருந்தே தொடங்குவோம். 1607-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்கள் தேடியது பொன். கிடைத்தவை சதுப்பும் காய்ச்சலும் பசியும். 1612 வாக்கில் ஜான் ரால்ப் என்பவர் மேற்கிந்தியப் பகுதியின் புகையிலை வகையைப் பயிரிட்டுப் பார்த்தார். வர்ஜீனியாவின் தலையெழுத்தே மாறியது.

புகையிலை மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும் பயிர். மூன்று நான்கு ஆண்டுகளில் வயல் ஓய்ந்துவிடும். பின்னர்ப் பல்லாண்டுகள் தரிசாகப் போட வேண்டும். ஆகவே ஒரு வயல் உழுபவனுக்குப் பல வயல் அளவு காடு கையிருப்பில் வேண்டும். அந்தக் காடோ பௌஹாட்டன் கூட்டமைப்பைச் சேர்ந்த பழங்குடி மக்களுடையது. 1622-இலும் 1644-இலும் மூண்ட பெரும் போர்களுக்கு இந்த நிலப்பசி முக்கியக் காரணம்.

இனி ஆறுகளைப் பாருங்கள். செசபீக் விரிகுடாவில் கலக்கும் ஜேம்ஸ், யார்க், ராப்பஹானக், பொட்டோமாக் ஆகியவை கடற்கப்பல்கள் உள்நாட்டுக்குள் நெடுந்தொலைவு செல்லும் அளவுக்கு ஆழமானவை. இலண்டன் கப்பல் பண்ணையாரின் சொந்தத் துறைக்கே வந்து புகையிலைப் பீப்பாய்களை ஏற்றிக்கொள்ளும்; அவர் எழுதிக் கேட்ட நாற்காலியையும் துணியையும் இறக்கிவிட்டுப் போகும். பிறகு கடைத்தெரு எதற்கு? நகரம் எதற்கு? நாணயமும் அங்கே அருமை. திருச்சபைக் குருமாருக்கு ஆண்டுச் சம்பளம் 16,000 பவுண்டு புகையிலை என்று சட்டமே இருந்தது. (பவுண்டு இங்கே எடையைக் குறிக்கும், பணத்தையன்று.) வீடுகள் மைல் கணக்கில் சிதறிக் கிடந்த நாட்டில் பள்ளிகள் பெருகவில்லை. ஆளுநர் வில்லியம் பெர்க்லியோ, தம் ஆட்சிப் பகுதியில் இலவசப் பள்ளியும் அச்சுக்கூடமும் இல்லாததற்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்தி 1671-இல் அறிக்கை எழுதினார்!

வடக்கே மாசசூசெட்ஸில் காட்சி வேறு. பனியாறுகள் விட்டுச்சென்ற கற்கள் நிறைந்த மண், நீண்ட குளிர்காலம். ஒவ்வோர் இளவேனிலிலும் உறைபனி புதிய கற்களை மேலே தள்ளிவிடும். ஏற்றுமதிக்குரிய பயிர் எதுவும் பெரிதாக விளையாது. சிறு வயல்களும், வழிபாட்டு மன்றத்தைச் சுற்றி நெருங்கிய ஊர்களுமாக மக்கள் வாழ்ந்தனர். இந்நெருக்கத்திற்கு மண்ணைப் போலவே அவர்களது தூய்மைவாத சமயமும் காரணம். ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என 1647-இல் அங்கே சட்டம் வந்தது.

நிலம் கைவிட்டவர்களுக்குக் கடல் சோறு போட்டது. காட் மீனைப் பிடித்து, உப்பிட்டு, உலர்த்தி விற்றனர். அம்மீனின் மர உருவம் ஒன்று பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்தில் இன்றும் தொங்குகிறது. இந்த இடத்தில்தான் நம் பாடநூற் பிரிவு எனக்கு இடறுகிறது. முதல்தர மீன் ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போயிற்று. உடைந்தும் கெட்டும் கழிக்கப்பட்டது, மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு உணவாக விற்கப்பட்டது. திரும்பும் கப்பலில் கரும்புப் பாகு வந்தது. அதைக் காய்ச்சி வடித்து ரம் ஆக்கினர். தங்கள் வயலில் அடிமைகள் அதிகம் இல்லாத வடக்கத்தியரின் பணப்பெட்டிக்கும் அடிமை முறைக்கும் இருந்த உறவு இது.

நடுப்பகுதியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பென்சில்வேனியாவில் நல்ல மண், கோதுமை விளைந்தது, 1682-இல் தோன்றிய பிலடெல்பியா அந்த மாவை ஏற்றுமதி செய்து வளர்ந்தது.

தெற்கில் அடிமை முறை மண்ணோடு முளைத்ததா? வர்ஜீனியாவின் முதல் உழைப்பாளிகளில் பெரும்பாலோர் ஏழை ஆங்கிலேயர். கப்பற் கட்டணத்திற்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள் உழைத்துத் தீர்த்தனர். ஒருவருக்குக் கட்டணம் செலுத்தியவருக்கு 50 ஏக்கர் நிலமும் கிடைத்தது. ஆப்பிரிக்கர் 1619-இல் கொண்டுவரப்பட்டனர். ஆனால் குழந்தை தாயின் நிலையையே அடையும் என்ற சட்டம் வந்தது 1662-இல்தான். அதாவது அடிமையின் பிள்ளை பிறக்கும்போதே பண்ணையாரின் சொத்து. ஆங்கிலக் கூலிகளின் வரத்துக் குறைந்து, 1676-இல் நதானியல் பேக்கனின் கலகக்காரர்கள் ஜேம்ஸ்டவுனையே எரித்த பின், பண்ணையார்கள் மேலும் மேலும் ஆப்பிரிக்கர் பக்கம் திரும்பினர். புகையிலைச் செடி அப்போதும் அதே செடிதான்.

இன்னும் தெளிவான சான்று ஜார்ஜியா. அண்டையிலுள்ள தென் கரோலினா, சதுப்பு நிலங்களில் நெல் விளைவித்துச் செழித்தது. நெல் விளையும் மேற்கு ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்து வந்தவர்களைப் பண்ணையார்கள் விரும்பிக் கேட்டு வாங்கினர். நாற்றையும் நீரையும் அறிந்த நமக்கு அந்த உழைப்பின் கடுமையைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே 1708 வாக்கிலேயே கறுப்பின மக்கள் வெள்ளையரைவிட மிகுதி. சவானா ஆற்றின் மறுகரையில் 1733-இல் ஜேம்ஸ் ஓகில்தார்ப் தலைமையில் ஜார்ஜியா தோன்றியது. அதே வெயில், அதே சதுப்பு. ஆனால் 1735-இல் அடிமை முறை தடை செய்யப்பட்டது. ஒருவர் 500 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. இது இரக்கம் மட்டுமன்று. தெற்கே புளோரிடாவில் இருந்த ஸ்பானியர், தப்பிவரும் அடிமைகளுக்கு விடுதலை அளித்துவந்தனர். அந்த எல்லையருகே அடிமைகளை வைத்திருப்பது ஆபத்து என்ற கணக்கும் இருந்தது.

அக்கரைச் செல்வத்தைக் கண்ட சவானாவாசிகள் தங்களுக்கும் அடிமைகள் வேண்டும் என்று 1738-இல் விண்ணப்பித்தனர். டேரியன் ஊரின் ஸ்காட்லாந்துக் குடியினர் 1739-இல் எதிர் விண்ணப்பம் எழுதினர்: எந்த இனத்தாரையும், அவர்தம் சந்ததியையும், என்றென்றைக்கும் அடிமையாக்குவது மனித இயல்புக்கே அதிர்ச்சி தருவது என்பது அவர்கள் வாதம். அவர்களும் அதே மண்ணில் ஏர் பிடித்தவர்கள்தாம்.

முந்தைய விண்ணப்பமே வென்றது. 1751-இல் தடை நீங்கியது. கரோலினாப் பண்ணையார்கள் அடிமைகளுடன் ஆற்றைக் கடந்தனர். கால் நூற்றாண்டுக்குள் ஜார்ஜியா மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அடிமைகளாயினர்.