சோடாக் கடையின் வருவாயில் எழுந்த கல்லூரி
பல் மருத்துவ முன்னோடி டொக்டர் ரபியுத்தீன் அகமது நினைவாக

ஆண்டுதோறும் டிசம்பர் 24 ஆம் திகதி லவால் நகரின் கடைத்தெருக்கள் நத்தார் ஆயத்தங்களில் மூழ்கியிருக்கும். பிள்ளைகளின் கைகளில் சொக்கிலேற்றும் இனிப்பும் நிறைந்திருக்கும். அதே நாளை இந்தியாவிற் பல் மருத்துவர்கள் தமது தேசிய தினமாகக் கொண்டாடுகின்றனர். அது டொக்டர் ரபியுத்தீன் அகமது என்னும் பெருமகனார் பிறந்த நாளாகும். இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் அவருடைய பெயர் எம்மவரிடையே அதிகம் அறியப்பட்டதன்று. ஆயினும் அவர் வாழ்ந்த வாழ்வில், புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்திகள் பலவுண்டு.

பிறப்பும் கல்வியும்

1890 ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஆம் திகதி கிழக்கு வங்காளத்தில் அகமது பிறந்தார். இளமைக் கல்வியை டாக்காவிற் பெற்று, பின்னர் அலிகாரில் உயர்கல்வி கற்றார். அக்காலத்தில் இந்தியாவிற் பல் மருத்துவம் பயில ஒரு கல்லூரிதானும் இருக்கவில்லை. பல்வலி வந்தவர் கைமருந்தை நாடினர். அல்லது சந்தையிலும் தெருவோரத்திலும் பல் பிடுங்கும் தொழில் செய்தோரிடம் சென்றனர். பெருநகரங்களிற் பரம்பரையாகப் பல் கட்டும் தொழில் செய்த சீனர்களும் இருந்தனர். முறையாகப் பயின்ற வெள்ளைக்கார வைத்தியரின் கட்டணமோ சாதாரண மக்களுக்கு எட்டாக்கனி.

எனவே அந்த இளைஞர் கடல் கடந்தார். அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து 1915 ஆம் ஆண்டிற் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்போது முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1918 வரை பொஸ்ரன் நகரிலிருந்த போர்சைத் சிறுவர் பல் மருத்துவ நிலையத்திற் பணியாற்றினார்.

அந்நிலையத்தைப் பற்றி ஒரு சொல் கூறுதல் வேண்டும். நகரத்து ஏழைச் சிறாரின் பற்களைப் பேணுவதற்கென ஒரு செல்வக் குடும்பத்தின் நன்கொடையால் 1914 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது அது. பல் வலித்த பின்னர் பிடுங்குவது ஒன்றே வைத்தியம் என்றிருந்த காலத்தில், வலி வருமுன்னரே காக்க வேண்டும், அதனைச் சிறுபராயத்திலேயே தொடங்க வேண்டும் என்னும் கொள்கையில் அது இயங்கியது. கட்டணம் கொடுக்க வசதியற்ற பெற்றோரின் பிள்ளைகள் வரிசையாக வந்து அமர்ந்து சிகிச்சை பெறும் காட்சியை அகமது அங்கே நாள்தோறும் கண்டார்.

சோடாவும் கல்லூரியும்

1919 ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார். அமெரிக்கப் பட்டத்துடன் கல்கத்தாவில் ஒரு வைத்தியசாலையைத் திறந்து, வசதி படைத்தோருக்குச் சிகிச்சையளித்துச் செல்வந்தராக வாழ்ந்திருக்கலாம். அவ்வாறு செய்திருந்தாலும் அவரை எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். ஆனால், தாம் கடல் கடந்து தேடிய கல்வியை அடுத்த தலைமுறை தன் ஊரிலேயே பெற வேண்டும் என்று அவர் விரும்பினார். 1920 ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்தியாவின் முதலாவது பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார்.

கல்லூரிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிற் கண்ட பாணியில் ‘நியூயோர்க் சோடா பவுண்டன்’ என்ற பெயரில் ஒரு குளிர்பானக் கடையைக் கல்கத்தாவில் அகமது திறந்தார். அங்கே கிடைத்த வருவாய் கல்லூரியைத் தாங்கியது. சீனி கலந்த பானத்தை விற்ற காசு, சூத்தைப் பல்லுக்கு வைத்தியம் கற்பிக்கும் ஆசிரியரின் மேசைக்குச் சென்றது. இதனை எண்ணி நாம் நகைக்கலாம். ஆனால், பிறரிடம் கையேந்திக் காத்திராமல் கையிலுள்ள ஒன்றைக் கொண்டு காரியத்தைத் தொடங்கியவரின் துணிவு அதிலே தெரிகின்றது. இரவிற் பாத்திரம் கழுவி, பகலிற் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தும் எமது பெற்றோர்க்கு அத்துணிவு அந்நியமானதன்று.

அக்கல்லூரியிற் கற்றவர்களுள் ஒருவர் பாத்திமா ஜின்னா. பாகிஸ்தானை உருவாக்கிய முகமது அலி ஜின்னாவின் தங்கையான அவர், 1923 ஆம் ஆண்டு பம்பாயிற் பல் வைத்தியசாலை ஒன்றைத் திறந்தார். பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து தொழில் செய்வதே அரிதாயிருந்த காலம் அது.

ஏடும் சங்கமும் சட்டமும்

கல்லூரி ஒன்றை நிறுவியதுடன் அகமதுவின் பணி முடிந்துவிடவில்லை. 1925 ஆம் ஆண்டில் இந்தியப் பல் மருத்துவ ஏடு ஒன்றைத் தொடங்கி, 1946 வரை தாமே அதன் ஆசிரியராக இருந்தார். அதே ஆண்டில் வங்காளப் பல் மருத்துவச் சங்கத்தை உருவாக்கினார். 1928 இல் மாணவருக்கெனப் பற்சிகிச்சைக் கைந்நூல் ஒன்றை எழுதி வெளியிட்டார். சிதறிக் கிடந்த ஒரு தொழில் இவ்வாறு படிப்படியாக ஒழுங்கு பெற்றது.

ஆனால் பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று நோயாளி அறிவதற்கு வழியில்லாத வரை அந்த ஒழுங்கு முழுமை பெறாது. கனடாவில் இதற்குரிய சட்டம் மிக முற்பட்டே வந்துவிட்டது. ஒன்ராறியோ மாகாணம் 1868 ஆம் ஆண்டிலும், கியூபெக் மாகாணம் அதற்கு அடுத்த ஆண்டிலும் பல் மருத்துவத் தொழிலைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தன. மொன்றியலிற் பிரெஞ்சு மொழிப் பல் மருத்துவப் பள்ளியும், மக்கில் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பிரிவும் 1904 ஆம் ஆண்டில் தொடங்கின. இந்தியாவிலோ 1939 ஆம் ஆண்டில் வங்காள மாகாணத்திலேதான் முதலாவது பல் மருத்துவர் சட்டம் நிறைவேறியது. அதற்காக உழைத்தவர்களுள் முதல்வர் அகமது. 1948 ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது; 1949 இல் இந்தியப் பல் மருத்துவப் பேரவை அமைந்தது.

அந்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய ஓர் அம்சம் உண்டு. பதிவேடு இரு பகுதிகளாக வகுக்கப்பட்டது. பட்டம் பெற்றோர் முதற் பகுதியில் இடம்பெற்றனர். பட்டம் இல்லாவிடினும், சட்டம் வருமுன்னரே பல ஆண்டுகளாக அத்தொழிலையே சீவனோபாயமாகக் கொண்டிருந்தோர் இரண்டாம் பகுதியிற் பதியப்பட்டனர். ஒருபுறம் நோயாளியின் பாதுகாப்பு. மறுபுறம் ஏற்கனவே உழைத்து வாழ்பவரின் பிழைப்பு. இரண்டையும் கருத்திற் கொண்ட ஏற்பாடு அது.

1949 ஆம் ஆண்டில், தாம் பெற்று வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் அகமது நன்கொடையாக ஒப்படைத்தார். இன்றும் அது டொக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயருடன் கல்கத்தாவில் இயங்குகின்றது. அவர் மூட்டிய விளக்கிலிருந்து வேறு விளக்குகளும் ஏற்றப்பட்டன. சென்னையில் 1953 ஆம் ஆண்டில் அரச பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று.

பிறந்த மண் பிற நாடான போது

1947 ஆம் ஆண்டுப் பிரிவினை வங்காளத்தை இரண்டாகப் பிளந்தது. அகமது பிறந்த கிழக்கு வங்காளம் பாகிஸ்தானின் பகுதியாயிற்று. 1971 இல் அது பங்களாதேசமானது. தாம் கற்பித்த மாணவியின் தமையனார் 1947 இல் பாகிஸ்தானின் தலைவரானார். அகமதுவோ கல்கத்தாவிலேயே இருந்துவிட்டார். பிறந்த ஊருக்கும் வாழும் ஊருக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு விழுவதன் பொருளை அறிய அவர் ஏட்டைப் புரட்டத் தேவையிருக்கவில்லை.

கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக் கணக்கான மக்கள் உடுத்த துணியோடு மேற்கு நோக்கி வந்தனர். கல்கத்தாவின் சீல்டா புகையிரத நிலைய மேடைகளே பல குடும்பங்களுக்கு மாதக் கணக்கில் வீடாயின. டொக்டர் பிதான் சந்திர ராய் தலைமையிலான மேற்கு வங்க அரசில் 1950 களில் அமைச்சராகச் சேர்ந்த அகமது 1962 வரை பணியாற்றினார். வேளாண்மை, கூட்டுறவு ஆகியவற்றோடு நிவாரணம், புனர்வாழ்வு என்பனவும் அவர் வகித்த பொறுப்புகளுள் அடங்கும். முதலமைச்சரும் வைத்தியர், அமைச்சரும் வைத்தியர். அவர்கள் முன் வந்து நின்ற நோயாளியோ, வீடிழந்த ஒரு முழுச் சமூகம். அப்பணியின் கடினத்தை, முகாம் வாழ்வை அறிந்த எமது மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

1964 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூசண் விருது வழங்கிக் கௌரவித்தது. அடுத்த ஆண்டில் அவர் காலமானார். அதே 1965 ஆம் ஆண்டிலேதான், யேசுத் தீவிலிருந்த பதினான்கு ஊர்கள் ஒன்றிணைந்து லவால் என்னும் இந்நகரம் பிறந்தது.

எமக்கு இதிலென்ன?

இலங்கையில் நெடுங்காலமாகப் பேராதனைப் பல்கலைக்கழகம் ஒன்றிலேதான் பல் மருத்துவப் பட்டம் பெற முடிந்தது. மிகச் சிலருக்கே கிட்டிய அந்தப் பட்டத்தைப் பெற்று, பின்னர் போரினால் நாட்டை விட்டு வந்தவர்கள் எம்மிடையே உளர். இங்கே அவர்கள் மீண்டும் தேசியப் பரீட்சைகளுக்கு முகங்கொடுக்க வேண்டும். அவற்றுக்கான கட்டணமும் பெரிது. கியூபெக்கில் தொழில் செய்யப் பிரெஞ்சு மொழித் தேர்ச்சியும் கட்டாயம். நோயாளியைக் காக்கத் தகுதிப் பரீட்சை வேண்டும் என்பதை அகமதுவே முதலில் ஒப்புக்கொள்வார். ஆனால் அவர் உழைத்த நாட்டின் சட்டம், பட்டமே இல்லாது பழகிய கைகளுக்கும் ஓர் இரண்டாம் பகுதியைத் திறந்து வைத்தது. பட்டமும் பழக்கமும் உடைய கைகள் இங்கே ஆண்டுக் கணக்கிற் சும்மா இருக்கின்றன. அவர்களுக்குப் பரீட்சைக் கட்டணத்திற்கு ஒரு கடனுதவி, படிக்கும் மாதங்களிற் பிள்ளைகளைப் பார்க்க ஓர் அயல்வீடு, பிரெஞ்சு கற்க ஒரு துணை ஆகியவற்றை எமது சங்கங்கள் ஒழுங்கு செய்யலாமே? ஒரு சோடாக் கடையால் ஒரு கல்லூரியைத் தாங்க முடிந்ததெனில், எமது கடைகளும் ஒன்றியங்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருவரையேனும் கரைசேர்க்க முடியாதா?

பிள்ளைகள் விடயத்தில் மேலும் ஒன்று. ஊரில் 1950 களிலிருந்து நியூசிலாந்தின் உதவியுடன் மகரகமவிற் பயிற்றப்பட்ட பல் சிகிச்சையாளர்கள் பாடசாலைகளிலேயே மாணவரின் பற்களைக் கவனித்தனர். இங்கே அந்தப் பொறுப்பு பெற்றோரின் தலையில் விழுகின்றது. கியூபெக் மருத்துவக் காப்புறுதி அட்டையுள்ள பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பல் பரிசோதனை, சூத்தை அடைத்தல், பல் பிடுங்குதல் என்பன இலவசம். பல் துப்புரவாக்கல் அதில் அடங்காது. இதை அறியாத குடும்பங்கள் இன்னமும் உள்ளன. பத்தாவது பிறந்தநாள் கடந்த பின்னரே பல்லைக் காட்டச் செல்வோர் பலர். அகதிக் கோரிக்கையாளர் தமக்குரிய மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் எவ்வெவற்றைத் தாங்கும் என்பதைச் சிகிச்சைக்கு முன்னரே கேட்டறிதல் வேண்டும். 2024 ஆம் ஆண்டு மே மாதம் முதல் செயற்படும் கனடியப் பல் பராமரிப்புத் திட்டத்தில், தனியார் பற்காப்புறுதி இல்லாத, ஆண்டு வருமானம் 90,000 டொலருக்கு உட்பட்ட குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம். அதற்கு வருமான வரிப் பத்திரம் தாக்கல் செய்திருத்தல் அவசியம்.

எமது பாட்டனார் ஆலங்குச்சியாலும் வேப்பங்குச்சியாலும் பல் துலக்கியவர்கள். அவர்களின் உணவில் இத்தனை சீனி இருந்ததில்லை. பாற்போத்தலை வாயில் வைத்தபடி உறங்கும் குழந்தையும், பாடசாலைப் பையில் நாள்தோறும் இனிப்புப் பானம் கொண்டு செல்லும் சிறுவனும் இக்காலத்துக் காட்சிகள். இரண்டு வேலை செய்து களைத்து வரும் தாயைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. பால் குடித்த பின் ஒரு மிடறு நீர், உறங்குமுன் இரண்டு நிமிடத் துலக்கல், ஆண்டுக்கொரு முறை வைத்தியரிடம் ஒரு பயணம். இவற்றுக்குப் பெரும் செல்வம் தேவையில்லை.

வரும் டிசம்பர் 24 ஆம் திகதி, நத்தார் இனிப்பைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். அன்றிரவு அவர்கள் பல் துலக்கும்போது, சோடா விற்றுப் பல் மருத்துவக் கல்லூரி கட்டிய ஒருவரின் கதையையும் கூறுங்கள். இவ்வாண்டுக்குரிய பல் பரிசோதனை இன்னும் ஆகவில்லையாயின், விடுமுறை முடிந்ததும் வைத்தியருக்குத் தொலைபேசி எடுக்க மறவாதீர்கள்.